நடுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை நினைவை மங்கச் செய்யுமா?

சுகாதாரப் பகுதி



பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டமும் வேண்டாம். அவர் எழுதியிருப்பது இதுதான்:

"ஐயா, என் மகனுக்கு இப்ப 34 வயசு. 22 வயசுல மனசு பேதலிச்சுப் போச்சு. காதுல யாரோ பேசுறாங்க, என்னைக் கொல்ல வர்றாங்கன்னு ராத்திரியில எழுந்து ஓடுவான். பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தோம். மாசம் ஒரு ஊசி, தினம் மூணு வேளை ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. பன்னிரண்டு வருஷமா விடாம கொடுத்துக்கிட்டு வர்றேன். இப்ப குரல் ஒன்னும் கேக்கலையாம். சண்டை சச்சரவு இல்லை. ஆனா புள்ள மந்தமா இருக்கான் ஐயா. கடையில மூணு சாமான் வாங்கச் சொன்னா ஒன்னுதான் ஞாபகம் இருக்கு. உரம் போடுற வேலைக்குப் போனான். எந்த நெரையில விட்டோம்னு மறந்து, போட்ட மரத்துக்கே மறுபடியும் போட்டுட்டான்னு மண்டோர் வீட்டுக்கு அனுப்பிட்டாரு. பக்கத்து வீட்டு அண்ணன், 'மருந்தையெல்லாம் நிறுத்து தங்கச்சி, மருந்துதான் பையனைக் கெடுக்குது'ன்னு சொல்றாரு. நான் என்ன செய்யட்டும்?"

இந்தத் தாயின் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. மூன்று பங்கு ஆபத்து இருக்கிறது. எது உண்மை, எது ஆபத்து என்று பிரித்துப் பார்ப்பதுதான் இன்றையப் பாடம். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம்

இந்த நோய்க்கு மனச்சிதைவு நோய் என்று பெயர். டாக்டர்கள் ஸ்கிஸோஃப்ரினியா என்பார்கள். இது பேய் பிடித்ததும் அல்ல, யாரோ வைத்த செய்வினையும் அல்ல. வளர்ப்பில் வந்த குறையும் அல்ல. மூளையின் வேலையில் ஏற்படும் கோளாறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகத்தில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. அப்படியானால் ஒரு பெரிய தோட்டத்தில் ஒன்றிரண்டு குடும்பத்திலாவது இது இருக்கக்கூடும்.

இந்த நோய்க்கு மூன்று முகங்கள் உண்டு. ஆளில்லாமல் குரல் கேட்பது, வீண் சந்தேகம், சம்பந்தமில்லாத பேச்சு ஆகியவை முதல் முகம். இதுதான் எல்லார் கண்ணிலும் படும். யாரோடும் பேசாமல் ஒதுங்குவது, குளிக்கவும் மனமில்லாமல் கிடப்பது இரண்டாவது முகம். மூன்றாவது, நினைவாற்றலும் கவனமும் குறைவது. சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்வது, ஒரு வேலையை வரிசைப்படி செய்து முடிப்பது, இவையெல்லாம் கடினமாகிவிடும். இந்த மூன்றாவது முகத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

நம் பாட்டன் காலத்தில் இதற்குச் சரியான மருந்து கிடையாது. 1911-ல் திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையின் பெயரைச் சொல்லியே பிள்ளைகளை மிரட்டிய காலம் அது. உள்ளே போனவர்களில் பலர் வெளியே வரவே இல்லை. 1952-ல் பாரிஸ் நகரத்து டாக்டர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குரல்கள் அடங்கின, பயம் குறைந்தது. பிறகு ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளும், மாதத்துக்கு ஒரு முறை அல்லது சில வாரங்களுக்கு ஒரு முறை போடும் ஊசிகளும் வந்தன. இன்று நோயாளி வீட்டிலிருந்தபடியே வைத்தியம் பார்க்க முடிகிறது என்றால் அதற்கு இந்த மருந்துகள்தான் முதல் காரணம்.

இரண்டு மருந்து, இரண்டு வேலை

இங்கேதான் நம் மக்களில் பலர் குழம்பிப் போகிறார்கள். ஒரே பையில் வருவதால் எல்லாம் ஒரே மருந்து என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி அல்ல.

முதலாவது, தலையாய மருந்து. அது ஊசியாகவும் இருக்கலாம், மாத்திரையாகவும் இருக்கலாம். நோயை அடக்கி வைப்பது இதுதான்.

இரண்டாவது, துணை மருந்து. இது நோய்க்காகக் கொடுப்பதே அல்ல. தலையாய மருந்தினால் சிலருக்குக் கை நடுங்கும். உடம்பு மரக்கட்டை போல விறைக்கும். முகத்தில் அசைவு இருக்காது. வாயில் எச்சில் ஒழுகும். காலை இழுத்து இழுத்து நடப்பார்கள். புதிதாக மருந்து தொடங்கிய இளைஞர்கள் சிலருக்கு முதல் சில நாளிலேயே கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு, கண்விழி மேலே செருகிவிடும். பார்த்தவர்கள் "சாமி வந்துவிட்டது" என்று திருநீறு பூசுவார்கள். அது சாமி அல்ல, மருந்தின் பக்க விளைவு. இவற்றைத் தணிக்கத்தான் துணை மருந்து. நம் நாட்டில் அதிகமாகக் கொடுக்கப்படுவது பென்செக்ஸால். இதற்கு டிரைஹெக்ஸிஃபெனிடில் என்றும் பெயர் உண்டு. பெரும்பாலும் 2 மில்லிகிராம் மாத்திரை. கடிதம் எழுதிய தாயார் சொல்லும் சின்ன வெள்ளை மாத்திரை இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளை மாத்திரை ஆயிரம் உண்டு. பையில் எழுதியிருக்கும் பெயரைப் பாருங்கள், புரியாவிட்டால் கிளினிக்கில் கேளுங்கள்.

ஊமத்தங்காயும் இந்த மாத்திரையும்

ஊமத்தையை அறியாத தோட்டத்துக்காரர் யார்? மலாய்க்காரர்கள் அதைக் கெச்சுபோங் என்பார்கள். ஊமத்தங்காயைத் தின்றவனுக்கு வாய் காய்ந்துபோகும். கண்ணின் கருமணி விரிந்து பார்வை மங்கும். நெஞ்சு படபடக்கும். சிறுநீர் இறங்காது. பிறகு புத்தி தடுமாறி, இல்லாததைப் பார்த்துப் பேசுவான். தெளிந்த பிறகு கேட்டால், நடந்தது ஒன்றும் நினைவிருக்காது.

காரணம் என்ன? நரம்புக்கும் நரம்புக்கும் இடையே தூது போகும் இரசாயனப் பொருள்கள் பல உண்டு. அவற்றில் ஒன்று அசெட்டைல்கோலின். ஊமத்தையில் உள்ள நஞ்சு இந்தத் தூதுவனை வழிமறித்துவிடுகிறது. பென்செக்ஸாலும் இதே தூதுவனைத்தான் வழிமறிக்கிறது. அளவு பார்த்து, ஆலைகளில் செய்து, நோய்க்கு ஏற்றபடி கொடுப்பதால் அது மருந்து. ஆனால் வழிமறிக்கும் வேலை ஒன்றுதான். 1860-களிலேயே பாரிஸ் டாக்டர்கள் ஊமத்தையின் இனத்தைச் சேர்ந்த செடிகளின் சத்தை உடல் நடுக்க நோய்க்குக் கொடுத்திருக்கிறார்கள்.

மருந்தடிக்கும் தோழர்களுக்கு இன்னொரு வழியிலும் இது தெரிந்திருக்கும். ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிக்கொல்லி உடம்பில் ஏறினால் எச்சில் ஊற்றும், வியர்வை கொட்டும், கருமணி சுருங்கும். உடம்பில் அசெட்டைல்கோலின் அளவுக்கு மீறித் தேங்கிவிடுவதே அதற்குக் காரணம். ஆஸ்பத்திரியில் அதற்கு அட்ரோப்பின் ஊசி போடுவார்கள். அந்த அட்ரோப்பினும் ஊமத்தை இனத்துச் சரக்குத்தான். ஒன்று கூட்டும், மற்றொன்று மறிக்கும். எந்தப் பக்கம் அளவு மீறினாலும் உடம்புக்குக் கேடு.

தராசின் இரண்டு தட்டு

மூளையில் உடல் அசைவைக் கவனிக்கும் பகுதியில் டோபமின், அசெட்டைல்கோலின் என்ற இரண்டு தூதுவர்கள் தராசின் இரண்டு தட்டைப் போல இருக்கிறார்கள். மனச்சிதைவுக்கான தலையாய மருந்து டோபமினை அடக்குகிறது. உடனே அந்தத் தட்டு இளைத்துவிடுகிறது, அசெட்டைல்கோலின் தட்டு கனத்துவிடுகிறது. நடுக்கமும் விறைப்பும் இதனால்தான் வருகின்றன. துணை மருந்து அசெட்டைல்கோலினையும் கொஞ்சம் குறைத்துத் தராசைச் சமன் செய்கிறது. நல்ல யோசனைதான்.

ஆனால் ஒரு சிக்கல். அசெட்டைல்கோலினுக்கு வேலை அந்த ஒரு இடத்தில் மட்டும் அல்ல. புதிதாகக் கேட்டதை மனத்தில் பதிய வைப்பது, ஒன்றில் கவனத்தை நிறுத்துவது இவற்றுக்கும் அதே தூதுவன்தான் வேண்டும். ஒரு வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று லயத்துக்கே வரும் பெரிய குழாயை மூடினால் என்ன ஆகும்? ஒழுகல் நிற்கும். ஆனால் மற்ற வீட்டில் உலை வைக்கத் தண்ணீர் இருக்காது. அதுபோலத்தான் இதுவும். கை நடுக்கம் நிற்கிறது. நினைவுக்கும் தண்ணீர் குறைந்துவிடுகிறது.

இப்போது நோயின் மூன்றாவது முகத்தை நினைத்துப் பாருங்கள். நோயினாலேயே நினைவு தளர்ந்திருக்கும் ஒருவருக்கு, நினைவை மங்கச் செய்யும் மருந்தையும் வருடக்கணக்கில் கொடுத்தால் என்ன ஆகும்? பட்ட காலிலே படும். வீட்டில் உள்ளவர்கள் "நோய் முற்றிவிட்டது" என்பார்கள். மண்டோர் "சோம்பேறி" என்பார். மருந்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. இதுதான் இதில் உள்ள பெரிய அநியாயம்.

இதை எழுதும் நானும் ஒரு காலத்தில் தோட்ட டிரெசராக இருந்தவன்தான். ஊசி போட வந்தவர்களுக்கெல்லாம் அந்தச் சின்ன மாத்திரையையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். "இன்னும் கை நடுங்குதா தம்பி?" என்று ஒருவரையாவது கேட்ட ஞாபகம் இல்லை. சீட்டில் எழுதியிருந்தது, கொடுத்தேன். அவ்வளவுதான். ஊசியும் மாத்திரையும் புருஷன் பெண்டாட்டி மாதிரி சேர்ந்தே வரும் என்று நினைத்திருந்தேன். இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நிறுத்திப் பார்த்தவர்கள் கண்டது என்ன?

தலையாய மருந்தோடு இந்தத் துணை மருந்தை முன்னெச்சரிக்கையாக எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே இருப்பது சரியான வழக்கம் அல்ல என்று உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து பணியாற்றிய நிபுணர்கள் 1990-லேயே அறிக்கை விட்டார்கள். நடுக்கம் வந்தவருக்குக் கொடுக்கலாம். சில மாதங்கள் கழித்து, இன்னும் தேவைதானா என்று பார்க்க வேண்டும். பலருக்குத் தேவை தீர்ந்திருக்கும். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? ஒரு முறை சீட்டில் ஏறியது வருடக்கணக்காக இறங்குவதில்லை.

2004-ல் இஸ்ரேல் நாட்டு டாக்டர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெகுகாலம் இந்த வகை மருந்தைச் சாப்பிட்டு வந்த வயதான மனச்சிதைவு நோயாளிகளுக்கு அதை நிறுத்திப் பார்த்தார்கள். அதன் பிறகு நினைவுச் சோதனை வைத்தபோது முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். 2014-ல் கனடா நாட்டின் மாண்ட்ரீல் நகரத்து டாக்டர்கள் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். அங்கும் நினைவு, கவனம், வேகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் சோதனையில் மதிப்பெண் கூடியது. 2021-ல் அமெரிக்காவில் 1,120 நோயாளிகளைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வு வந்தது. அசெட்டைல்கோலினை மறிக்கும் மருந்துகளின் மொத்தச் சுமை யாருக்கு அதிகமோ, அவர்களுக்கு நினைவும் சிந்திக்கும் திறனும் குறைவாக இருப்பதை அது காட்டியது.

இதை அளவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நிறுத்திப் பார்த்த ஆய்வுகள் சிறியவை. ஒரே மாதிரிச் சோதனையைத் திரும்ப எழுதும்போது பழக்கத்தினாலும் கொஞ்சம் மதிப்பெண் கூடும். அமெரிக்க ஆய்வு சுமையும் மந்தமும் சேர்ந்திருப்பதைக் காட்டுகிறதே தவிர, ஒன்றால்தான் மற்றொன்று என்று முழுதாக நிரூபிக்கவில்லை. மாத்திரையை நிறுத்தினால் நோய்க்கு முன்பிருந்த பையன் அப்படியே திரும்பி வந்துவிடுவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோயினால் வந்த தளர்ச்சி நோயோடு இருக்கும். மருந்தினால் வந்த மங்கல் மட்டும்தான் விலகும். ஆனால் அந்தக் கொஞ்சம் என்பது சிறிய விஷயமா? மூன்று சாமானில் மூன்றும் ஞாபகம் இருப்பதும், உரம் போட்ட மரம் எது என்று தெரிவதும், ஒருவனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கும் விஷயம் அல்லவா?

நினைவைத் தவிர வேறு நன்மைகளும் உண்டு. இந்த மாத்திரையால் வாய் காயும், மலச்சிக்கல் வரும், சிலருக்குச் சிறுநீர் தடைப்படும், பார்வை மங்கும். வியர்வையும் குறைந்துவிடும். வெயிலில் வேலை செய்கிறவருக்கு வியர்வைதான் உடம்பைக் குளிரவைக்கும் தண்ணீர். அது வராவிட்டால் சூடு தலைக்கேறி மயங்கி விழக்கூடும். மாத்திரை குறைந்தால் இந்தத் தொல்லைகளும் குறையும்.

அப்படியானால் நாமே நிறுத்திவிடலாமா?

கூடாது. கூடவே கூடாது. இதற்கு மூன்று காரணங்கள்.

முதல் காரணம்: பையில் எது தலையாய மருந்து, எது துணை மருந்து என்று தவறாக எண்ணி, தலையாய மருந்தை நிறுத்திவிட்டால் நோய் திரும்பிவிடும். முதலில் ஒன்றும் தெரியாது. "பாத்தீங்களா, மருந்தில்லாமலே நல்லா இருக்கான்" என்பார்கள். சில வாரமோ சில மாதமோ கழித்துத் தூக்கம் கெடும், குரல் கேட்கும், ஓட்டம் தொடங்கும். ஒவ்வொரு முறை நோய் திரும்பும்போதும் பழைய நிலைக்கு வருவது கடினமாகிறது.

இரண்டாவது காரணம்: துணை மருந்தையே திடீரென்று நிறுத்தினாலும் தொல்லை உண்டு. வருடக்கணக்காக வழிமறிக்கப்பட்ட தூதுவன் ஒரே நாளில் அவிழ்த்துவிட்டால் அணை உடைந்த மாதிரிப் பாய்வான். குமட்டல், வாந்தி, வியர்வை, தூக்கமின்மை, மன அமைதியின்மை இவையெல்லாம் வரும். அதைப் பார்த்து "நோய் திரும்பிவிட்டது" என்று பயந்து ஓடுவோம்.

மூன்றாவது காரணம்: சிலருக்கு இந்த மருந்து உண்மையிலேயே இன்னும் தேவை. நிறுத்தினால் நடுக்கமும் விறைப்பும் திரும்பும். அவர்களுக்கு டாக்டர் வேறு வழி பார்ப்பார். தலையாய மருந்தின் அளவைக் குறைக்கலாம். நடுக்கம் குறைவாக உண்டாக்கும் வேறு மருந்துக்கு மாற்றலாம். அல்லது துணை மருந்தையே குறைந்த அளவில் தொடரலாம். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர் டாக்டர்தான். நாமும் அல்ல, பக்கத்து வீட்டு அண்ணனும் அல்ல.

கிளினிக்கில் எப்படிக் கேட்பது?

டாக்டரைக் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று நம் மக்கள் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"டாக்டர், இந்த மாத்திரை எதுக்குக் கொடுக்கிறீங்க? நோய்க்கா, நடுக்கத்துக்கா?"

"நடுக்கத்துக்கு அம்மா."

"பையனுக்கு இப்ப நடுக்கம் இல்லைங்க. ஆனா ஞாபகம் ரொம்ப மோசமா இருக்கு. வாய் வேற காஞ்சு போகுது. இந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பாக்க முடியுங்களா?"

"எத்தனை வருஷமா சாப்பிடுறார்?"

"பன்னிரண்டு வருஷமா டாக்டர். மூணு வேளையும். ஒரு வேளைகூட விட்டதில்லை."

இந்த நாலு வரி போதும். டாக்டர் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார், முழங்கையை மடக்கிப் பார்ப்பார், நடக்கச் சொல்வார். பிறகு முடிவு சொல்வார். பொதுவாக மூன்று மாத்திரை சாப்பிடுகிறவருக்கு முதலில் ஒன்றைக் குறைப்பார்கள். சில வாரம் பொறுத்து, தொல்லை இல்லை என்றால் இன்னொன்று. ஆளைப் பொறுத்து வேகம் மாறும். சில சமயம் "இப்போது வேண்டாம்" என்றும் சொல்லலாம். ஏன் என்று கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியது அவர் கடமை.

அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். பல இடங்களில் மனநோய்க்கான ஊசியும் மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். ஊசி நாளன்று தாயோ தகப்பனோ அண்ணன் தம்பியோ ஒருவராவது கூடப் போங்கள். மெந்தாரி என்ற சமூக மனநல மையங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. வேலைக்குத் திரும்ப அவர்களும் வழிகாட்டுவார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை குறைப்பதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே எழுதத் தொடங்குங்கள். கடைக்கு அனுப்பினால் எத்தனை சாமான் ஞாபகம் இருந்தது? நேற்று யார் வீட்டுக்கு வந்தார்கள் என்று சொல்கிறாரா? செய்தியைக் கடைசிவரை கேட்கிறாரா? கை நடுங்குகிறதா? எத்தனை மணி நேரம் தூங்கினார்? தினம் நாலு வரி போதும். குறைத்த பிறகும் எழுதிக்கொண்டே வாருங்கள். டாக்டரிடம் காட்டினால் பத்து நிமிடப் பேச்சைவிட அது உதவும். ஆனால் பையனுக்குப் பரீட்சை வைப்பதுபோல வைக்காதீர்கள். "இதுகூட ஞாபகம் இல்லையா?" என்று கேட்பது கூடாது. ஞாபகம் இல்லாதது அவர் குற்றம் அல்ல.

சளி, இருமல், அரிப்பு, தூக்கம் இவற்றுக்காகக் கடையில் வாங்கும் சில மருந்துகளும் அசெட்டைல்கோலினை மறிப்பவைதான். அரிப்புக்கும் சளிக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின் மாத்திரை, டைஃபென்ஹைட்ரமின் கலந்த இருமல் மருந்து இவை அந்த வகை. அங்கே ஒன்றைக் குறைத்து, இங்கே ஒன்றைக் கூட்டினால் பயன் என்ன? வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

வெற்றிலை பாக்குப் போடுகிறவரா? அதையும் சொல்லுங்கள். பாக்கில் அரிகோலின் என்ற பொருள் இருக்கிறது. அது அசெட்டைல்கோலினைப் போலவே வேலை செய்யும். மனநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளிகள் அளவுக்கு மீறிப் பாக்கு மென்றதால் விறைப்பும் நடுக்கமும் மோசமானது பற்றி 1989-ல் மருத்துவ இதழ் ஒன்றில் குறிப்பு வந்திருக்கிறது. துணை மருந்தைக் குறைக்கும் நேரத்தில் பாக்கைக் கூட்டினால், நடுக்கம் எதனால் வந்தது என்று டாக்டருக்கே புரியாது. பாக்கை விட்டுவிட்டால் வாய்க்கும் நல்லது.

சம்சுவும் மற்ற மதுவும் வேண்டாம். எந்த மாத்திரையைக் குறைத்தாலும், அதைவிடப் பெரிய மயக்கத்தைக் குடி கொண்டுவந்துவிடும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம்

கழுத்து முறுக்கிக்கொண்டாலோ, கண் மேலே செருகினாலோ, நாக்கு இழுத்துக்கொண்டு மூச்சு விட முடியாமல் திணறினாலோ தாமதிக்காதீர்கள். கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்துப் புத்தி தடுமாறினால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. சிறுநீர் அடியோடு நின்றுவிட்டாலும், வயிறு வீங்கிப் பல நாள் மலம் போகாவிட்டாலும் அப்படியே. தூக்கமே இல்லாமல், குரல் கேட்கிறது என்று சொல்லத் தொடங்கினாலோ, செத்துப்போகிறேன் என்று பேசினாலோ அடுத்த ஊசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே கூட்டிப் போங்கள்.

அந்தத் தாய்க்கு நம் பதில்

அம்மா, பன்னிரண்டு வருடம் ஒரு வேளை தவறாமல் மருந்து கொடுத்து மகனைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அதில் தவறு எதுவும் இல்லை. ஊசியை நிறுத்தாதீர்கள். ஒரு முறைகூடத் தள்ளிப் போடாதீர்கள். அந்தச் சின்ன மாத்திரையைப் பற்றி மட்டும் அடுத்த ஊசி நாளன்று டாக்டரிடம் கேளுங்கள். அவர் குறைக்கச் சொன்னால், அவர் சொன்ன அளவில், அவர் சொன்ன வேகத்தில் குறையுங்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மாற்றம் தெரியச் சில வாரம் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். கொஞ்சம் தெளிவு வந்தால் மண்டோரிடம் போய், "இன்னொரு தரம் வேலை கொடுத்துப் பாருங்க தம்பி, முதல்ல சின்ன வேலையா கொடுங்க" என்று கேளுங்கள். தெளிவு வராவிட்டாலும் மனம் தளர வேண்டாம். சாமான் பட்டியலை எழுதிக் கையில் கொடுங்கள். உரம் போட்ட மரத்துக்குச் சுண்ணாம்பில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். நினைவு தவறுகிற இடத்தில் ஒரு குறி இருந்தால் வேலை தவறாது.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. அண்ணே, அக்கறையில் சொன்னீர்கள், நன்றி. அடுத்த முறை "மருந்தை நிறுத்து" என்று சொல்லாமல், "வா தங்கச்சி, நானும் கூட கிளினிக்குக்கு வர்றேன்" என்று சொல்லுங்கள். அந்தக் குடும்பத்துக்கு அதுதான் பெரிய உதவி.

நினைவில் வைக்க வேண்டியவை

1. ஊசியோ மாத்திரையோ, நோயை அடக்கும் தலையாய மருந்தை ஒருபோதும் நாமாக நிறுத்தக் கூடாது.

2. நடுக்கத்துக்குக் கொடுக்கும் பென்செக்ஸால் போன்ற துணை மருந்து நினைவையும் கவனத்தையும் மங்கச் செய்யலாம்.

3. பலருக்குச் சில மாதங்களுக்குப் பிறகு அது தேவைப்படுவதில்லை. தேவைதானா என்று டாக்டரிடம் கேட்பது நம் உரிமை.

4. குறைப்பது டாக்டர் சொல்படி, படிப்படியாக. திடீரென்று நிறுத்தக் கூடாது.

5. நிறுத்தினால் சிலருக்கு நினைவு ஓரளவு தெளியும். நோய் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் அல்ல.

6. இருமல் மருந்து, வெற்றிலை பாக்கு, மது எல்லாவற்றையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்தை வெட்டி, மருந்துப் பையோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊசி நாளன்று கையில் எடுத்துப் போங்கள்.